ஓவியர் நின்ற இடத்தில் நிற்க முடிந்ததா? பாரிஸில் ஒரு மூன்றரை மணி நேர நடை

சென்ற அக்டோபரில் பாரிஸ் போயிருந்தபோது, இம்ப்ரெஷனிச ஓவியர்கள் (கண்ணில் அந்த நொடி படும் ஒளியையும் அசைவையும் பிடிக்க முயன்ற 19ஆம் நூற்றாண்டுக் குழு) வரைந்த தெருக்களைச் சுற்றிக்காட்டும் நடை ஒன்றுக்கு நானும் என் மனைவியும் பணம் கட்டிப் போனோம். தலைக்கு 45 யூரோ. மூன்றரை மணி நேரம். விளக்கம் ஆங்கிலத்தில். எங்களையும் சேர்த்து 9 பேர். சான்-லாஸார் ரயில் நிலைய வாசலில் தொடங்கி, அவென்யூ தெ லோபெராவின் தென்முனையில் முடிந்தது. இப்படிப்பட்ட நடைகளைப் பலர் நடத்துகிறார்கள். நாங்கள் போனது யாருடையது என்று எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு நாளை வைத்துப் பெயர் போட்டுக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் யாரோடு போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

சாலை வடிவமைப்பு அலுவலகத்தில் 22 வருடம் வரைவாளராக இருந்தவன் நான். தெருவை வரைந்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: வரைந்தவர் எங்கே நின்றார்? தரையிலா, பாலத்தின் மேலா, மூன்றாம் மாடி ஜன்னலிலா? அச்சில் பார்க்கும்போது அது தெரியாது. இந்த நடையை நான் அளந்ததும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். சில இடங்களில் ஓவியர் நின்ற இடத்திலேயே எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சில இடங்களில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

போகலாமா என்று கேட்டால், போகலாம். ஆனால் கொஞ்சம் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

சான்-லாஸார் வாசலில், கடிகாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்த சிற்பம் இருக்கிறது. அதன் அடியில் கூடச் சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர்; சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார். என் மனைவியின் கருவி முதல் பத்து நிமிடம் கரகரவென்றே இருந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். படங்களைக் காட்ட அவர் வைத்திருந்தது ஒரு டேப்லெட். உள்ளே இருக்கும்வரை சரி. வெளியே வெளிச்சம் வந்ததும் ஒன்பது பேரும் அந்தச் சின்னத் திரையில் எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல தாளில் பெரிதாக அச்சடித்த பத்துப் படங்களைக் கையில் வைத்திருந்தால் இந்த நடையின் மதிப்பு இரண்டு மடங்காகியிருக்கும்.

ரயில் நிலையத்துக்குள் போனோம். 1877இன் தொடக்கத்தில் குளோத் மோனே இங்கே வந்து வேலை செய்தார். பக்கத்திலேயே ஒரு சின்ன ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்தார். அந்த வாடகையைக் கொடுத்தவர் குஸ்தாவ் கயிபோத். தானும் ஓவியர், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, நண்பர்களின் படங்களைக் காசு கொடுத்து வாங்கி ஆதரித்தவர். மோனே இந்த நிலையத்தை மட்டும் 12 தடவை வரைந்தார். உள்ளிருந்து, வெளியிலிருந்து, தண்டவாளத்தோடு, பாலத்தோடு. அவற்றில் சிலவற்றை அதே வருடம் ஏப்ரலில் நடந்த குழுவின் மூன்றாவது கண்காட்சியில் வைத்தார்.

வழிகாட்டி இங்கே ஒரு கதை சொன்னார். மோனே தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு நிலைய அதிகாரியிடம் போய், "உங்கள் நிலையத்தை வரைவதாக முடிவு செய்திருக்கிறேன்" என்று சொன்னாராம். அதிகாரி அசந்துபோய் ரயில்களை நிறுத்தி, புகை நிறைய வரட்டும் என்று நிலக்கரியை அள்ளிப் போடச் சொன்னாராம். எல்லோரும் ரசித்தார்கள், நானும்தான். ஆனால் இது மோனேயின் நண்பரான ஓவியர் ரெனுவாரின் மகன் பல வருடம் கழித்து எழுதிய நினைவுகளில் வருவது. இப்படி ஒரு கதை வழங்குகிறது என்று சொல்லியிருந்தால் போதும். நேரில் பார்த்ததுபோல் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் டிக்கெட் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். மோனே நின்றது உள்ளே, தண்டவாளத்தை ஒட்டி. அந்த வகையில் இந்த நிறுத்தம் எனக்குக் குறைதான். ஆனாலும் வழிகாட்டி செய்த ஒரு காரியம் பிடித்தது. "கீழே பார்க்காதீர்கள், மேலே பாருங்கள்" என்றார். இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக, கூர்ச்சாய்வில் விரியும் அந்தக் கூரை இன்னும் இருக்கிறது. ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில் அந்தக் கூரையின் முக்கோணம்தான் முழுப் படத்தையும் பிடித்து நிறுத்துகிறது. அதன் அடியில் நீராவி, நீலமும் சாம்பலுமாகச் சுருண்டு மேலே போகிறது. வெளியே வெயிலில் புது அடுக்குமாடி வீடுகள் கரைந்து நிற்கின்றன. வானத்து மேகத்தைக் கூரைக்கு அடியில் அடைத்து வைத்தது போல் இருக்கும். புகையும் கரியும் சத்தமுமாக இருந்த இடத்தில் அவர் கண் போனது அங்கே. இப்போது மின்சார ரயில்கள், நீராவி கிடையாது. ஆனாலும் கண்ணாடி வழியாக இறங்கும் அந்தச் சிதறிய வெளிச்சம் அப்படியே இருக்கிறது.

அங்கிருந்து நிலையத்தின் பின்பக்கமாகக் கொஞ்ச தூரம். தண்டவாளங்களுக்கு மேலே ஆறு தெருக்கள் வந்து கூடும் பாலம், ஐரோப்பா பாலம். சுற்றியிருக்கும் தெருக்களுக்கெல்லாம் ஐரோப்பிய நகரங்களின் பெயர்: மாஸ்கோ, பெர்ன், லண்டன். கயிபோத் 1876இல் இந்தப் பாலத்தைப் பெரிய படமாக வரைந்தார். இடது பக்கம் உயரத் தொப்பி போட்ட ஒருவர் நடந்து வருகிறார், சற்றுப் பின்னால் குடை பிடித்த பெண். வலது பக்கம் வேலைக்காரச் சட்டை போட்ட ஒருவர் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக் கீழே ரயில்களைப் பார்க்கிறார். முன்னால் ஒரு நாய், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் வழியில் போகிறது. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படத்தின் ஆழத்துக்குள் பாய்கின்றன.

அந்த இரும்புச் சட்டங்கள் இன்று இல்லை. பாலத்தை இருபதாம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டிவிட்டார்கள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி. அதுவரை நடந்ததில் களைத்துப்போய், அவள் போய்க் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக் கீழே போகும் ரயிலைப் பார்த்தாள். படத்தில் அந்தத் தொழிலாளி நிற்கும் அதே நிலை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அன்று அந்தப் பாலம் புதிது. அங்கே நின்று வேடிக்கை பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். தொப்பிக்காரர் நடந்து போகும் அதே தளத்தில் கூலிக்காரர் ஓய்வெடுக்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. கயிபோத் அதைத்தான் பிடித்திருக்கிறார். வழிகாட்டி பொறியியல் பற்றி நிறைய சொன்னார். இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து வந்ததுதான் வழிகாட்டியின் மிகச் சிறந்த பகுதி. பாலத்திலிருந்து ஒரு நிமிட நடையில் சான்-பீட்டர்ஸ்பர்க் தெரு, 4ஆம் எண். அங்கே எதுவார் மானேயின் ஸ்டூடியோ இருந்தது. (மானே வேறு, மோனே வேறு. எங்கள் குழுவில் இருவர் கடைசிவரை குழப்பிக்கொண்டிருந்தார்கள்.) மானே 1873இல் வரைந்த 'ரயில்பாதை' என்ற படத்தில் ரயிலே இல்லை. கம்பி வேலிக்கு முன்னால் ஒரு பெண், மடியில் தூங்கும் நாய்க்குட்டி, கையில் புத்தகம். பக்கத்தில் ஒரு சிறுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவள் பார்ப்பது வெள்ளை நீராவியை மட்டும். படத்தின் பின்னணியில் தெரியும் கதவு மானேயின் ஸ்டூடியோ கதவு. வழிகாட்டி எங்களை அந்தக் கதவுக்கு எதிரே நிறுத்தினார். பிறகு கை நீட்டி, தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவைக் காட்டி, "மானே அங்கிருந்து இங்கே பார்த்தார்" என்றார். தன் ஸ்டூடியோ வாசலையே தூரத்திலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார். இடம், திசை, தூரம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் எனக்குக் கிடைத்துவிட்டன.

அப்புறம் பெர்ன் தெரு. அன்று அதன் பெயர் மொஸ்னியே தெரு, மானேயின் ஜன்னலிலிருந்து தெரியும். 1878 ஜூன் 30ஆம் தேதி பாரிஸ் முழுக்க விழா. அந்த வருடம் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி, அமைதியைக் கொண்டாடக் குறித்த நாள். தெருவெல்லாம் மூவண்ணக் கொடி. அதே நாளில் மோனே, நகரத்தின் நடுவே மொந்தோர்கேய் தெருவில் ஒரு பால்கனியைப் பார்த்து, ஏறி வரையலாமா என்று கேட்டு அனுமதி வாங்கி, மேலிருந்து வரைந்தார். அந்தப் படத்தில் வீடுகளே தெரியாத அளவுக்குக் கொடிகள் படபடக்கின்றன. கீழே கூட்டம் ஒரே நெருக்கமான அசைவு. மானேயின் தெருவில் கொடிகள் இருக்கின்றன, ஆனால் தெரு பாதி காலி. முன்னால், ஊன்றுகோல்களின் உதவியோடு ஒற்றைக் காலில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறார், நீலச் சட்டை போட்டவர். இடது பக்கம் வேலி, அதற்குப் பின்னால் கட்டுமான இடிபாடு. பிரஷ்யாவுடன் நடந்த போரும் பாரிஸ் முற்றுகையும் முடிந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது.

வழிகாட்டி இரண்டு படங்களையும் டேப்லெட்டில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். நிழல் விழும் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டோம். திரை நன்றாகத் தெரிந்தது. யாரும் பேசவில்லை. ஒரே நாள், ஒரே நகரம், இரண்டு ஜன்னல். இந்த ஒரு நிறுத்தத்துக்கே 45 யூரோ கொடுக்கலாம்.

அங்கிருந்து ப்ளாஸ் த டப்ளின். தெருக்கள் கூடும் சின்னச் சந்திப்பு, சும்மா கடந்து போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஆனால் கயிபோத்தின் 'பாரிஸ் தெரு, மழை நாள்' இங்கேதான் நிகழ்கிறது. 1877இல் வரைந்தது. அகலம் 276 செ.மீ., உயரம் 212 செ.மீ. சுவர் அளவு படம். நடுவில் ஒரு தெருவிளக்குக் கம்பம் படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வலது பக்கம் ஒரு ஜோடி ஒரே குடையின் கீழ் நம்மை நோக்கி வருகிறது. இடது பக்கம் கப்பல் முனை போலக் கூர்மையாக நிற்கும் கட்டடம், விசிறி போல் பிரியும் தெருக்கள், ஈரத்தில் பளபளக்கும் கல் பாவிய தரை.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது நிமிடம் தூறல் ஆரம்பித்தது. நம்பவே முடியவில்லை, அவ்வளவு பொருத்தம். ஆனால் வழிகாட்டி, "மழை வருகிறது, வாருங்கள்" என்று எல்லோரையும் எதிரே இருந்த கஃபேக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே உட்கார்ந்து டேப்லெட்டில் அந்தப் படத்தைக் காட்டி விளக்கினார். மழையை வரைந்த படத்தை, அது வரைந்த இடத்தில், மழை பெய்யும்போது, கூரைக்குள் வைத்து! இந்த நடையில் எனக்கு மனது தாங்காத ஒரே விஷயம் இதுதான். வயதானவர்கள் இருந்தார்கள், வழுக்கும், எல்லாம் சரி. விருப்பமுள்ளவர்கள் ஐந்து நிமிடம் குடையோடு நிற்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாங்கள் இருவரும் குடையை விரித்து வெளியிலேயே நின்றோம். கல் தரை போய் இப்போது தார்ச் சாலை, ஓரமெல்லாம் கார்கள். ஆனால் தெருக்கள் பிரியும் கோணங்கள் மாறவில்லை. மூலையில் கூராக முடியும் கட்டடமும் அப்படியே. என் தொழில் கண்ணுக்கு அது போதும். கயிபோத் இந்தப் படத்துக்காக அளவுகோல் வைத்துப் பென்சிலில் கோடு போட்டுப் பார்த்த வரைபடங்கள் இருக்கின்றன. மற்ற நண்பர்களைப் போல வெளியே உட்கார்ந்து ஒரே வேகத்தில் முடித்ததல்ல. அப்புறம் இன்னொன்று: படத்தில் ஒரு மழைத்துளிகூட இல்லை. விழும் தாரைகளை அவர் வரையவேயில்லை. குடைகளும், தரையின் பளபளப்பும், நிழலே விழாத அந்தச் சாம்பல் வெளிச்சமும் சேர்ந்து மழையைச் சொல்லிவிடுகின்றன. அன்று நின்று பார்த்தபோது எங்களுக்கும் துளி தெரியவில்லை. தரைதான் தெரிந்தது.

என் மனைவி கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தர்கூட இன்னொருத்தர் முகத்தைப் பாக்கலையேங்க" என்றாள். உண்மைதான். ஒரே குடைக்குள் இருக்கும் ஜோடிகூட இருவருமே வேறு எங்கேயோ பார்க்கிறார்கள். வலது ஓரத்தில் படச்சட்டத்தால் பாதி வெட்டப்பட்ட ஒருவரின் குடை, அந்த ஜோடியின் குடையோடு இன்னும் ஒரு நொடியில் மோதப் போகிறது. நாம் எதிரே அதே நடைபாதையில் வருபவர். விலகி வழி விட வேண்டியது நாம்தான். மோனேவும் அவர் நண்பர் பிசாரோவும் தெருவை மேலிருந்து பார்த்தார்கள். கயிபோத் இந்தப் படத்தில் நம்மைக் கூட்டத்துக்குள் இறக்கிவிட்டார்.

மூலப்படம் சிகாகோவில் இருக்கிறது என்பதை வழிகாட்டி சொன்னார். ஆனால் அதற்காகக் கயிபோத் வரைந்து பார்த்த எண்ணெய் வண்ண முன்வரைவு பாரிஸிலேயே, மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. நான் அறைக்குத் திரும்பித் தேடித்தான் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட தகவலுக்காகத்தானே வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறோம்.

இனி என் பெரிய குறை. இந்த அகல வீதிகளைப் போட்டவர் ஓஸ்மான் என்ற அதிகாரி. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் 1870 தொடக்கம் வரை பொறுப்பில் இருந்தார். பழைய நெருக்கமான தெருக்களை இடித்து, நேர்கோட்டில் வீதி, கீழே கழிவுநீர்ச் சுரங்கம், மேலே எரிவாயு விளக்கு, ஓரத்தில் மரங்கள், ஒரே உயரத்தில் கல் வீடுகள். வழிகாட்டி இதையெல்லாம் அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காகிதத்தில் ஒரு சாலைக்கோட்டை இழுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டின் கீழே யாருடைய அடுப்படி இருக்கிறது என்று வரைபடம் காட்டாது. ஏராளமான ஏழைக் குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் நகர விளிம்புக்குப் போயின. 1871இல் நகர மக்கள் எழுந்து ஆட்சியைக் கையில் எடுத்த பாரிஸ் கம்யூன், அதை ராணுவம் ஒடுக்கிய அந்த ரத்த வாரம். புகைப்படக்காரர் நடாரின் ஸ்டூடியோவில் இந்த ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்தது 1874இல். நடுவில் மூன்று வருடம் மட்டுமே. இந்த ஓவியர்கள் அந்தக் காயத்தை நேராக வரையவில்லை என்பதும் அவர்களைப் பற்றிய உண்மைதான். இதைச் சொன்னால் அந்தப் படங்களின் அழகு குறைந்துவிடாது.

இன்னொன்றும் விட்டுப்போனது. நமக்கு இது பழைய பாரிஸ். அவர்களுக்கு இது புத்தம் புது நகரம். கல் இன்னும் வெளுப்பாக இருந்திருக்கும், மரங்கள் சின்னதாக இருந்திருக்கும். வயதான யாரைக் கேட்டாலும், இந்த இடத்தில் முன்பு வேறு தெரு இருந்தது என்று சொல்லியிருப்பார். நேற்று திறந்த மேம்பாலத்தை இன்று ஒருவர் வரைந்தால் எப்படியோ அப்படி. அந்தத் துணிச்சல் புரியாமல் பார்த்தால் இந்தப் படங்கள் வெறும் வாழ்த்து அட்டை ஆகிவிடும்.

மழை விட்டதும் தெற்கே திரும்பி ஓஸ்மான் பெயரையே தாங்கிய வீதியைக் கடந்து ஒபெராவுக்கு வந்தோம். இந்த நடுப்பகுதி வெறும் நடைதான், கால் மணி நேரம். கடைக் கூட்டம், சத்தம். சொல்ல ஒன்றுமில்லை.

பூல்வார் தே கபுசீன், 35ஆம் எண். புகைப்படக்காரர் நடார் முன்பு வைத்திருந்த ஸ்டூடியோ. 1874 ஏப்ரல் 15 முதல் ஒரு மாதம், அரசு சலோன் கண்காட்சிக்கு வெளியே, தாங்களாகவே இவர்கள் படங்களை மாட்டிய இடம். நுழைவு 1 பிராங்க். இரவில்கூட இரண்டு மணி நேரம் திறந்திருந்தது. அங்கே மாட்டிய மோனேயின் படங்களில் ஒன்று இதே வீதி, மேலிருந்து பார்த்தது. அதன் கீழ்ப்பகுதியில் மனிதர்கள் சின்னச் சின்னக் கறுப்புத் தீற்றல்கள், அவ்வளவுதான். லூயி லெரோவா என்ற விமர்சகர் அதைக் கிண்டல் செய்து எழுதினார்: நான் இந்த வீதியில் நடக்கும்போது இப்படியா தெரிகிறேன் என்று கேட்பதாக ஒரு பாத்திரத்தைப் பேச வைத்தார். 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரையும் கேலியாகப் பரப்பியவர் அவரே.

வழிகாட்டி இதை நன்றாகச் சொன்னார். ஆனால் நாங்கள் நின்றது நடைபாதையில். அந்தத் தீற்றல்களில் ஒன்றாக நாங்கள் நின்றோமே தவிர, அவற்றைப் பார்க்க முடியவில்லை. மேலே போக வழியில்லை என்பது புரிகிறது. குறைந்தபட்சம், இதை ஏதாவது ஒரு உயரத்திலிருந்து பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

நடை முடிந்த இடம் அவென்யூ தெ லோபெராவின் தென்முனை. இரண்டு நீரூற்றுகள், ஒரு பக்கம் பழைய நாடக அரங்கு, எதிரே ஹோட்டல் து லூவ்ர். 1897 கடைசியில் கமீல் பிசாரோ அந்த ஹோட்டலில் அறை எடுத்து, ஜன்னலிலிருந்து இந்தச் சதுக்கத்தையும் வீதியையும் திரும்பத் திரும்ப வரைந்தார். காலையில், மூடுபனியில், மழையில், பனிப்பொழிவில். அதே வருடம் அதற்கு முன்பு பூல்வார் மொந்மார்த்தரை வேறொரு ஹோட்டல் ஜன்னலிலிருந்து 14 தடவை வரைந்திருந்தார். அதில் ஒன்று இரவுக் காட்சி. அறுபதைத் தாண்டியவர். கண்ணில் தீராத தொற்று, காற்றும் தூசியும் படக்கூடாது. வாழ்நாள் முழுக்க வயலிலும் கிராமத்துப் பாதையிலும் நின்று வரைந்தவர் அறைக்குள் வந்து உட்கார வேண்டியதாயிற்று. மற்றவர்கள் அசிங்கம் என்று சொல்லும் இந்தத் தெருக்கள் தனக்கு வெள்ளி போல், உயிரோட்டமாகத் தெரிகின்றன என்று மகனுக்கு எழுதினார். வண்டிகள் திரும்பும் வளைவுகள், மக்கள் தெருவைக் கடக்கும் இடங்கள், நெரிசல் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருக்கிறது. பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் பழைய நாடக அரங்கின் முன்னால் நின்றுகொண்டு வழிகாட்டி இந்தக் குழுவின் பெண் ஓவியர் மேரி கஸாட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 1878இல் அவர் வரைந்த படம் ஒன்றில், கறுப்பு உடை உடுத்திய பெண் அரங்கின் மாடத்தில் உட்கார்ந்து தொலைநோக்கிக் கண்ணாடியில் எதையோ உற்றுப் பார்க்கிறாள். தூரத்து மாடத்தில் ஒரு ஆண் தன் கண்ணாடியை அவள் பக்கமே திருப்பி வைத்திருக்கிறார். கஃபேயில் தனியாக உட்காரவோ தெருமுனையில் நின்று வரையவோ அந்த வர்க்கத்துப் பெண்ணுக்கு எளிதில்லை. அவளுடைய நகரம் மாடமும் பால்கனியும்தான். பெர்த் மொரிசோ 1874 கண்காட்சியிலேயே பங்கேற்றவர். அவர் பாரிஸை வரைந்தபோது, த்ரோகாதேரோ மேட்டில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க, நகரம் வெகுதூரத்தில் கிடக்கிறது. ஓவியர் எங்கே நின்றார் என்ற என் கேள்விக்குள், எங்கே நிற்க விட்டார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. மூன்றரை மணி நேரத்தில் பெண் ஓவியர்களுக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம். இது பெரிய குறை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பதிவு செய்யும்போதே ஐரோப்பா பாலமும் டப்ளின் சதுக்கமும் வழியில் உண்டா என்று கேளுங்கள். ஒபெரா பக்கம் மட்டும் சுற்றுவதாக இருந்தால் வேண்டாம். படங்களை நீங்களே பெரிதாக அச்செடுத்துக் கொண்டு போங்கள். முழங்கால் பிரச்சினை இருந்தால் வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அவர் பொறுமையாகவே நடந்தார், அதற்கு நன்றி. ஓர்சே அருங்காட்சியகத்தை நடைக்கு முன்னால் பார்க்காதீர்கள், பின்னால் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை, வியாழக்கிழமை இரவு வரை திறந்திருக்கும். நாங்கள் வியாழன் மாலை போனோம். அதுவும் 1900இல் ரயில் நிலையமாகக் கட்டிய கட்டடம். மோனேயின் சான்-லாஸார் முன்னால் என் மனைவி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தெகாவின் 'அப்சிந்த்' படத்துக்கு முன்னால், கஃபே மேசையில் பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு முன்னால், எங்களால் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை.

அந்த உயரத்துக் காட்சி எனக்குப் பாக்கி இருந்தது. நாங்கள் தங்கிய விடுதி அறை நான்காம் மாடியில், ஒரு அகல வீதியைப் பார்த்தபடி. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தேன். மரங்கள் பாதி இலை உதிர்த்திருந்தன. ஈரத் தரை, மங்கலான வெயில். கண்ணைக் கொஞ்சம் இடுக்கியதும் முகம், உடை, வயது எல்லாம் போய்விட்டது. கறுப்பாக, சாம்பலாக, செங்குத்தான சின்னத் தீற்றல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. ரொட்டி வாங்க இறங்கிப் போயிருந்த என் மனைவி அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்தாள். தேடினேன். ஐம்பது அறுபது தீற்றல்களுக்கு நடுவே ஒன்று, இரண்டு அடிக்கு ஒருமுறை லேசாக இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்து வந்தது.